ரெண்டாவது முறுக்கு

தலைப்பைப் பார்த்து மணப்பாறை முறுக்கு பற்றிய பதிவு என்று ஓடி வந்தவர்கள் மன்னிக்க :-) இது ஆயில் இன்ஜின் ஹெட்டில் நட்டு முறுக்குவது பற்றியது.

தஞ்சாவூர் வரலாறு என்றால் ராஜராஜன், கல்வெட்டு, சரபோஜி, சரஸ்வதி மகால் என்று எழுத நம்ம ஆட்களே நிறையப் பேர் இருக்காங்க. அந்தப் பக்கம் போக எனக்குப் படிப்பு பத்தாது. எனக்குத் தெரிஞ்சது வயலும், வரப்பு ஓரத்துல கீத்துக் கொட்டகைக்குள்ள நிக்கிற டீசல் இன்ஜினும்தான். அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அந்த வரலாற்றுல ஒரு ஓரமா நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. எழுதணும் எழுதணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டது. கொஞ்சம் நீளமாத்தான் போகும், காபியை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல ஒரு கேள்வி. காவிரி டெல்டாவுக்கு இன்ஜின் எதுக்கு?

கோயமுத்தூர் பக்கம்னா புரியுது. அங்கே தண்ணி கிணத்துக்கு அடியில கிடக்கு. கவலை பூட்டி மாட்டை வச்சு இறைச்சாங்க. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மோட்டாருக்கு மாறினாங்க. எங்க பக்கம் அந்தக் கஷ்டமே கிடையாது. கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு வர்ற தண்ணி, ஆறு, வாய்க்கால், கன்னினு இறங்கி வந்து மடையில நிக்கும். மண்வெட்டியால ஒரு கொத்து கொத்தினா போதும், தானா வயலுக்குள்ள ஓடும். மேடான வயலுக்கு மட்டும் இறைகூடை போடுவாங்க, ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு வீசி இறைக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிஞ்ச பிறகு வருஷா வருஷம் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணி திறப்பதுன்னு ஒரு வழக்கமே உண்டாயிடுச்சு. எங்க தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைங்க பிறந்த நாள் ஒண்ணும் தெரியாது, ஜூன் 12 தெரியும்.

அதனால தமிழ்நாட்டுல இன்ஜின் பம்பு வந்த கதை டெல்டாவுல ஆரம்பிக்கலை. ஆல்ஃபிரட் சாட்டர்டன்னு ஒரு வெள்ளைக்காரர், சென்னை பொறியியல் கல்லூரியில் பேராசிரியரா இருந்தவர். நம்ம ஊர்ல அலுமினியப் பாத்திரத் தொழிலைக் கிளப்பிவிட்டவர்னு அவரைப் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதே மனுஷன்தான் 1900-களின் தொடக்கத்தில் செங்கல்பட்டு வட்டாரத்துக் கிணறுகளில் ஆயில் இன்ஜினையும் பம்பையும் மாட்டி, மாடு இறைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன செலவு வித்தியாசம்னு கணக்குப் போட்டுப் பார்த்தார். விவசாயிக்கு மெஷின் எல்லாம் ஒத்துவராதுன்னு அரசாங்கத்துக்குள்ளேயே பேசின காலம் அது.

தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ள இன்ஜின் நுழைஞ்சது வேற வாசல் வழியா: ரைஸ் மில். 1910-களுக்குப் பிறகு சின்னச் சின்ன ஊர்ல எல்லாம் நெல் அரைக்கிற மில்லுங்க முளைச்சுது. உரல் சத்தம் அடங்கி இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பிச்சது அப்பதான். (நெல் குத்திக் கூலி வாங்கிப் பிழைச்ச பொம்பளைங்க வேலை போனதும் அப்பதான். அது தனிப் பதிவு போட வேண்டிய சங்கதி.) பழைய ஆயில் இன்ஜின்கள்ல ஒரு வகை 'ஹாட் பல்ப்'. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஊதுவிளக்கை வச்சு அதோட தலையைச் சூடேத்தணும். உள்ளே காற்றை அழுத்துறது மூணு மடங்கு, அஞ்சு மடங்கு, அவ்வளவுதான். ஹெட் நட்டை ஏனோதானோன்னு முறுக்கினாலும் தாங்கும்.

அதே சமயத்துல ரோட்டுல வந்தது பஸ். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல பஸ் விட்டார்னு படிச்சிருப்பீங்க. டி.வி.எஸ். கதையின் முதல் அத்தியாயம் அது. இதுல நம்ம விஷயத்துக்குச் சம்பந்தமானது என்னன்னா, அந்தக் காலத்து மோட்டார் வண்டிகள் பலதுக்கு ஹெட்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது. சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு. வால்வு வேலைன்னா மொத்தத்தையும் கழட்டணும். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி தான் தனியாக் கழட்டி மாட்டுற ஹெட்டைப் பரவலாக்கினது. அதாவது, 'ஹெட் நட்டை எப்படி முறுக்கணும்'ங்கிற கேள்வியே மனுஷனுக்கு வந்து நூத்திச் சொச்ச வருஷம்தான் ஆகுது.

அந்தக் கேள்வியைச் சிக்கலாக்கினது டீசல். இங்கிலாந்துல டர்ஸ்லிங்கிற ஊர்ல இருந்த லிஸ்டர் கம்பெனி 1929-ல் ஒரு இன்ஜின் கொண்டு வந்தது. ஊதுவிளக்கு வேண்டாம், பச்சையா ஹேண்டில் போட்டுச் சுத்தினாலே கிளம்பும். நிமிஷத்துக்கு 600, 650 சுத்து, டொக்... டொக்... டொக்னு. இந்தியாவுல 1946-ல் புனே பக்கத்துல கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் ஆரம்பிச்சாங்க. அப்புறம் ராஜ்கோட்டுல லிஸ்டரை அப்படியே பார்த்து அடிச்ச இன்ஜின்கள் மலைமலையா வந்துச்சு. 'லிஸ்டர் டைப்'னு சொல்லியே விப்பாங்க. ஹாட் பல்புல அஞ்சு மடங்கு அழுத்தின காத்தை, அடுத்து வந்த சின்ன டீசல்கள் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்த ஆரம்பிச்சுது.

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, ஒண்ணே ஒண்ணுதான். நம்ம வயல்கள்ல பரவலா ஓடின 5 குதிரை சக்தி இன்ஜின்ல சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர். பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். டீசல் வெடிக்கிற நேரத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அழுத்தம்னு வச்சுக்குங்க. மொத்தம் 3 டன். நிமிஷத்துக்கு 1500 சுத்துற இன்ஜின் 750 தடவை வெடிக்கும், மணிக்கு 45,000 தடவை. ஒவ்வொரு தடவையும் 3 டன் கீழேயிருந்து ஹெட்டைத் தூக்கிப் பார்க்குது. பிடிச்சு வச்சிருக்கிறது சில நட்டும், நடுவுல ஒரு கேஸ்கெட்டும்.

நிற்க. இன்னமும் டெல்டாக்காரன் ஏன் இன்ஜின் வாங்கினான்னு சொல்லலை.

ரெண்டு காரணம். முதல் காரணம் நெல்லு. 1960-ல் தீவிர விவசாய மாவட்டத் திட்டம்னு மத்திய அரசு கொண்டு வந்தப்போ தமிழ்நாட்டுல அதுக்குப் பொறுக்கினது தஞ்சாவூரைத்தான். 1960-களின் நடுவுல ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்துச்சு. ஏறக்குறைய 105 நாள்ல அறுவடை. ஒருபோகம் சம்பா போட்ட இடத்துல குறுவை, தாளடின்னு ரெண்டு போகம் எடுக்கலாம். ஆனா மேட்டூர்த் தண்ணிக்குக் காத்திருக்காம முன்னாடியே நாத்து விட்டாத்தான் கணக்குச் சரியா வரும். அதுக்கு வந்ததுதான் ஃபில்டர் பாயிண்ட். எங்க ஊர் வண்டல்ல முப்பது, நாப்பது அடி இறக்கினாலே மணல், மணல்ல தண்ணி. ஓட்டை போட்ட வடிகட்டிக் குழாயை இறக்கி, மேலே ஒரு பம்பும் இன்ஜினும் வச்சுட்டா நாத்தங்காலுக்குத் தண்ணி ரெடி.

ரெண்டாவது காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சது. 1924 ஒப்பந்தம், 1974-ல் ஐம்பது வருஷம், அப்புறம் நடந்த பேச்சுவார்த்தைங்க, 1990-ல் நடுவர் மன்றம், 1991-ல் 205 டி.எம்.சி. இடைக்காலத் தீர்ப்பு, 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. தண்ணிக்கு அடிச்சுக்கிட்ட இந்த வருஷங்கள்லதான், நாத்தங்காலுக்கு மட்டும்னு வாங்கின இன்ஜின் நட்ட வயலுக்கும் ஓட வேண்டியதாச்சு. 2002, 2003 ரெண்டு வருஷமும் ஜூன் 12 வெறும் தேதியாவே போச்சு. 2003-ல் மேட்டூர் திறந்தது அக்டோபர்ல. குறுவை அறுத்திருக்க வேண்டிய மாசம்! விவசாயத்துக்கு இலவச மின்சாரம் இருந்தும், கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டவங்க வருஷக் கணக்குல வரிசையில நின்னாங்க. (2021-ல் புதுசா ஒரு லட்சம் இணைப்புன்னு அறிவிச்சாங்கன்னா, வரிசை எவ்வளவு நீளம்னு பார்த்துக்குங்க.) கனெக்‌ஷன் இல்லாதவனுக்கு டீசல்தான். மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும்.

இன்ஜின் இருக்கிற ஊர்ல ஃபிட்டரும் இருப்பார். எங்க சரகத்துக்கு ஒருத்தர் இருந்தார். பேர் வேண்டாம், எல்லாரும் கூப்பிட்ட மாதிரி ஃபிட்டர்னே சொல்றேன். சைக்கிள் கேரியர்ல ஒரு தகரப்பெட்டி, கேரேஜ்காரங்க போடுற மாதிரி காக்கிச் சட்டை எல்லாம் இல்லை, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத்தான் வேலை. எட்டாவதோட படிப்பை விட்டுட்டு மன்னார்குடியில ஒரு ரைஸ் மில்லுல எண்ணெய் விடுற பையனா இருந்து கத்துக்கிட்டவர். டார்க் ரென்ச்சைக் கண்ணால பார்த்ததில்லை.

டார்க் ரென்ச்னா எவ்வளவு விசையில முறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர். 1918-ல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர் கண்டுபிடிச்சதாச் சொல்றாங்க. தண்ணிக் குழாய் இணைப்புகள்ல ஆளுங்க போல்ட்டை அளவுக்கு மேல முறுக்கி உடைக்கிறதைத் தடுக்க வேண்டி. அதுவும் தண்ணிப் பிரச்னையில பிறந்ததுதான்.

எங்க ஃபிட்டர் முறுக்குற முறையை நான் பக்கத்துல உட்கார்ந்து பல தடவை பார்த்திருக்கேன். ஸ்டட் மறையை மண்ணெண்ணெய்ல பிரஷ் போட்டுத் தேய்ப்பார். அப்புறம் இன்ஜின் ஆயில் ரெண்டு சொட்டு. எல்லா நட்டையும் விரலால இறக்குவார். விரலால இறங்காத நட்டு மறுபடி மண்ணெண்ணெய்க்குப் போகும். அப்புறம் ஸ்பேனர். ஒரு நட்டு, அடுத்து அதுக்கு நேர் எதிர் நட்டு. மெதுவா ஒரு சுத்து, நடுத்தரமா ஒரு சுத்து, கடைசியா மூச்சைப் பிடிச்சு ஒரு சுத்து. ஸ்பேனர்ல பைப்பை மாட்டி நீளமாக்கி முறுக்க விடவே மாட்டார். "பைப்பு போட்டா ஒங்கையிக்கு ஒண்ணும் தெரியாது தம்பி"ம்பார்.

எதிரெதிரா முறுக்குறது ஏன்னு நான் கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. "தவுல்காரரைப் பாத்தியா?"ன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு உடனே புரியும். இப்போ தவில்ல தோல் வாருக்குப் பதிலா இரும்பு வளையம், நட்டு போல்ட்டு வந்தாச்சு. கச்சேரிக்கு முன்னாடி தவில்காரர் மடியிலிருந்து ஸ்பேனர் எடுத்து இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு முறுக்கித் தட்டிப் பார்ப்பார். ஒரே பக்கமா முறுக்கினா தோல் கோணும், நாதம் பிசிறும். ஹெட்டும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் முதல்ல இறுகினா கேஸ்கெட் அங்கே நசுங்கும், எதிர்ப்பக்கம் தூக்கிக்கும்.

ஆனா தவில்காரருக்கு ஒரு வசதி உண்டு. தோல் எவ்வளவு இழுபட்டிருக்குன்னு காது சொல்லிடும். ஃபிட்டருக்கு அது இல்லை. அவர் கைக்குத் தெரியுறது நட்டு எவ்வளவு எதிர்க்குதுங்கிறது மட்டும். முறுக்குற விசையில கிட்டத்தட்ட பாதி, நட்டுக்கு அடியில உரசுறதுலயே போயிடும். இன்னொரு நாப்பது சதவீதம் மறையில உரசுறதுல போகும். மிச்சம் பத்து சதவீதம்தான் போல்ட்டை இழுக்குது. ஒரு துரு, ஒரு மண் துகள் வந்தா அந்தப் பத்தும் அஞ்சாயிடும், கையில அதே கனம்தான் தெரியும். மண்ணெண்ணெயும் ரெண்டு சொட்டு ஆயிலும் எதுக்குன்னு இப்பப் புரியுதா? டார்க் ரென்ச் வச்சிருந்தாலும் இதே கதைதான், அதுவும் உரசலையும் சேர்த்துத்தான் காட்டும்.

போல்ட்டை இழுக்குதுன்னு சொன்னேன். நிஜமாவே இழுபடும். இதைத்தான் எனக்குப் புரிஞ்சுக்கப் பல வருஷம் ஆச்சு. போல்ட்டுங்கிறது ரெண்டு சாமானைச் சேர்த்து வைக்கிற ஆணின்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அது ஒரு ஸ்பிரிங். ராபர்ட் ஹூக் 1678-ல் எழுதி வச்ச விதி: எவ்வளவு இழுக்கிறியோ அவ்வளவு நீளும். 12 மில்லிமீட்டர் கனம், தலையில 8.8-னு எழுதின போல்ட் ஒண்ணை எடுத்துக்குவோம். (அந்த நம்பர் தரக்குறியீடு. சென்னை பாடியில 1966-லிருந்து போல்ட் செய்யுற சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் டி.வி.எஸ். குடும்பந்தான், தஞ்சாவூர் - புதுக்கோட்டை பஸ் எங்கே போய் நிக்குது பாருங்க!) ஒரு அடி ஸ்பேனர் நுனியில ஏறக்குறைய 28, 30 கிலோ அழுத்தி முறுக்கினா அந்த போல்ட்ல நாலு டன்னை ஒட்டி இழுவிசை வரும். பத்து சென்டிமீட்டர் நீள போல்ட்டுன்னா அது நீளுறது 0.2 மில்லிமீட்டர்.

ரெண்டு தாள் கனம்! நோட்டுப் புத்தகத்துல ரெண்டே ரெண்டு தாள். மணிக்கு 45,000 தடவை மோதுறதைத் தாங்குறது அந்த ரெண்டு தாள் நீட்சிதான்.

இப்போ கேஸ்கெட்டுக்கு வருவோம். அந்தக் காலத்துக் கேஸ்கெட் செப்புத் தகட்டுக்கு நடுவுல கல்நார் வச்சது. முதல் தடவை சூடாகி ஆறும்போது அது கொஞ்சம் நசுங்கி உட்காரும். எவ்வளவு? ஒரு தாள் கனம் உட்கார்ந்தாப் போதும். நீட்சி ரெண்டு தாள்ல ஒரு தாள் போச்சு. நட்டு ஒரு நூல் கூடத் திரும்பலை, பார்வைக்கு எல்லாம் அப்படியே இருக்கு, பிடிமானம் மட்டும் பாதியாயிடுச்சு. அதுக்குத்தான் புது கேஸ்கெட் போட்டா, கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, நல்லா ஆற விட்டு, மறுபடி அதே வரிசையில முறுக்கணும். அதுதான் ரெண்டாவது முறுக்கு. (மணப்பாறை முறுக்கையும் ஒரு தடவை பொரிச்சு, ஆற வச்சு, மறுபடி பொரிப்பாங்கன்னு சொல்வாங்க. தலைப்புக்கு நியாயம் செஞ்சாச்சு, ஹி ஹி.)

இப்போ கொசுவத்தி.

2003 ஆகஸ்ட். எனக்கு 19 வயசு, காலேஜ் லீவு. நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்க ஊர்ல ஆறு மா குறுவை. தொண்டைக்கதிர் பருவம், அதாவது கதிர் உள்ளேயே தொண்டைக்குள்ள நிக்கிற நேரம். இந்த நேரம் தண்ணி காஞ்சா வெளியே வர்றது பதர்தான். ஆத்துல பொட்டுத் தண்ணி இல்லை. இன்ஜின்ல கேஸ்கெட் போயிடுச்சு. ஃபிட்டர் சாயங்காலம் வந்து ஹெட்டைக் கழட்டி, சுத்தம் பண்ணி, புது கேஸ்கெட் வச்சு முறுக்கி, ராத்திரி ஒன்பது மணிக்கு ஓட விட்டுட்டார். கிளம்பும்போது அப்பாகிட்ட, "விடியற வரைக்கும் ஓட்டுங்க. காத்தால வந்து நிறுத்திட்டு, ஆறினப்பறம் இன்னொருவாட்டி முறுக்கிட்டுப் போறேன். கூலியை அப்பச் சேர்த்து வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனார்.

காலையில ஏழு மணிக்கு சைக்கிள்ல வந்துட்டார். அப்பா டீசல் வாங்கக் கேனோட போயிருந்தார். கொட்டகையில நான் மட்டும். ராத்திரி பூரா ஓடியும் மேல்வயல்ல ரெண்டு மா நனையலை, பாளம் வெடிச்சுக் கிடக்கு. இன்ஜின் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கு. நிறுத்தினா ஆறுறதுக்கே ரெண்டு, மூணு மணி நேரம்.

"அண்ணே, நல்லா ஓடுதுண்ணே. நிறுத்த வேணாம். தண்ணி பாஞ்சு முடியட்டும், நாங்களே சொல்லி அனுப்புறோம்"னேன்.

அவர் இன்ஜினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னார். "அப்பா சொன்னாரா?"

"ஆமாண்ணே."

சொல்லலை. நானாச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிட்டு சைக்கிளைத் திருப்பிட்டார்.

சொல்லி அனுப்பலை. ரெண்டாம் நாள் கூலிங் தண்ணி வெளியே வர்ற குழாய்ல குமிழி குமிழியா வர்றதைப் பார்த்தேன். கேஸ்கெட் வழியா புகை தண்ணிப் பக்கம் கசியுதுன்னு அர்த்தம். அப்போ அது எனக்குத் தெரியாது, குழாய்ல காத்து அடைச்சிருக்கும்னு நினைச்சேன். மூணாம் நாள் மத்தியானம் சத்தம் மாறுச்சு, வெள்ளைப் புகை, நின்னுடுச்சு. கேஸ்கெட் ஒரு இடத்துல நாக்கு மாதிரி பிஞ்சிருந்தது. சூட்டுல ஹெட் வளைஞ்சு போயிருந்தது. லேத்துப் பட்டறையில குடுத்து ஃபேசிங் பண்ணணும். பட்டறையில எங்களுக்கு முன்னாடி ஏகப்பட்ட ஹெட்டுங்க அடுக்கிக் கிடந்துச்சு, அந்த வருஷம் எல்லார் இன்ஜினும் ராப்பகலா ஓடின வருஷம். எட்டு நாள் ஆச்சு. வாடகை இன்ஜின் கேட்டு அப்பா நாலு ஊர் அலைஞ்சார், கிடைக்கலை. மாவுக்குப் பத்து மூட்டை காணுற வயல்ல மூணு மூட்டை வந்துச்சு. மிச்சம் பதர். கூட்டுறவு சங்கக் கடனுக்கு அம்மாவோட வளையல் போச்சு.

அப்பா டீக்கடையில உட்கார்ந்து எல்லார் முன்னாடியும் சொன்னார்: "ஒரு நட்டு முறுக்கத் தெரியாதவனை எல்லாம் ஃபிட்டர்ங்கிறோம்." கூலியும் குடுக்கலை. ஃபிட்டர் வந்து கேக்கவும் இல்லை, "ஒங்க பையன்தான் வேணாம்னான்"னு சொல்லவும் இல்லை. நான் அப்பா பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன். வாயைத் திறக்கலை. எங்க தெருவுல ரெண்டு மூணு பேர் அதுக்கப்புறம் வேற ஆளைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க.

எல்லாம் மாறிடுச்சு அப்புறம். நிலத்தடி மட்டம் இறங்க இறங்க மேலே வச்ச பம்பால உறிஞ்ச முடியலை. எப்பேர்ப்பட்ட பம்பும் நடைமுறையில இருபத்தஞ்சு அடிக்குக் கீழே இருக்கிற தண்ணியை உறிஞ்சாது. ஆழ்குழாய் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கினாங்க. எங்களுக்கும் ஒரு வழியா கனெக்‌ஷன் கிடைச்சுது. இன்ஜினைக் கொட்டகை மூலையில சாக்குப் போட்டு மூடி வச்சார் அப்பா. பழைய இரும்புக்குக் கேட்டவங்களுக்குக் குடுக்கலை. இப்போ வர்ற கார் இன்ஜின்கள்ல பல அடுக்கு எஃகு கேஸ்கெட், குறிச்ச விசை வரைக்கும் முறுக்கிட்டு அப்புறம் 90 டிகிரி திருப்புன்னு கோணக் கணக்கு. ரெண்டாவது முறுக்கே தேவையில்லை.

2018 நவம்பர் 16, கஜா. அதைப் பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு. தென்னை போச்சு, கரண்டு கம்பம் வரிசையாச் சாஞ்சு கிடந்துச்சு. நான் சென்னையிலிருந்து மூணாம் நாள் போய்ச் சேர்ந்தேன். தெருவுல குடிக்கத் தண்ணி இல்லை. ஜெனரேட்டர் வாடகை கேட்டா தலை சுத்துது. அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி ஆத்துல தண்ணி வந்ததால பழைய ஃபில்டர் பாயிண்டுல மட்டம் ஏறியிருக்கும்னு அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. சாக்கை எடுத்தோம். இன்ஜின் இறுகிப் போய்க் கிடந்துச்சு, ஹெட்டைக் கழட்டாம முடியாது.

நான்தான் போய் ஃபிட்டரைக் கூட்டிட்டு வந்தேன், பைக்ல பின்னாடி உட்கார வச்சு. எழுபதைத் தாண்டியாச்சு, கண்ணு சரியாத் தெரியலை. நான் முறுக்கினேன், அவர் பக்கத்துல சாக்குல உட்கார்ந்து ஒவ்வொரு நட்டையும் விரலால தொட்டுப் பார்த்துச் சொல்லிக்கிட்டே வந்தார். கேஸ்கெட் மன்னார்குடியில ஒரு கடையில தூசி படிஞ்சு கிடந்த ஒண்ணு கிடைச்சுது. சாயங்காலம் நாலு மணிக்கு டொக்னுச்சு. தெருவே குடத்தோட வந்து நின்னுச்சு.

ஒரு மணி நேரத்துல நிறுத்தச் சொன்னார். வரிசையில நின்ன பொம்பளைங்க சண்டைக்கு வந்துட்டாங்க. நான், "ஆறட்டும், ரெண்டு மணி நேரம் ஆகும்"னேன். அந்த இடைவெளியில, அப்பாவும் பக்கத்துல இருக்கும்போதே, 2003-ல் காலையில அவர் வந்ததையும் நான் திருப்பி அனுப்பினதையும் சொன்னேன். அப்பா எந்திரிச்சு வெளியே போய்க் கொஞ்ச நேரம் தென்னை விழுந்து கிடக்கிறதைப் பார்த்துக்கிட்டு நின்னார். ஃபிட்டர் என்னைத் திட்டலை.

"அந்தக் கூலி நூத்தம்பது பாக்கி நிக்குது"ன்னார்.

அப்பா உள்ளே வந்து, இடுப்புல இருந்த பணத்தை எடுத்து, எண்ணாமலே அவர் கையில வச்சார். அவர் எண்ணி, நூத்தம்பதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் குடுத்தார். இன்னிக்கு வேலைக்குக் கூலின்னு அப்பா மறுபடி நீட்டினதுக்கு, "இன்னம் வேலை முடியலையே"ன்னார். ஆறரை மணிக்கு டார்ச் வெளிச்சத்துல ஹெட்டைப் புறங்கையால தொட்டுப் பார்த்துட்டு ஸ்பேனரை என்கிட்ட நீட்டினார். ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் கொஞ்சம் ஏறுச்சு, ஒரு நட்டு மட்டும் கால் சுத்து.